ஒன்றேகால் கிலோவா, இரண்டரை கிலோவா?

சீட்டு எடுத்த பணம் 80,000 ரூபாய் பையில் இருக்கும்போது ஒரு மனுஷனுக்கு வரும் தைரியம் இருக்கிறதே, அது ரிச்சி ஸ்ட்ரீட்டில் நுழைந்த பத்தாவது நிமிடம் காணாமல் போய்விடும். எனக்குப் போனது. (சீட்டு அம்மாவுடையது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

கடைக்காரர் ஒரே விலையில் இரண்டு லேப்டாப்புகளை எதிரெதிரே திறந்து வைத்தார். ஒன்று ஒல்லி. ஒன்றேகால் கிலோ. ஒரு கையால் தூக்கினால் பரீட்சை அட்டை மாதிரி வருகிறது. இன்னொன்று பயில்வான். இரண்டரை கிலோ. அதன் சார்ஜர் மட்டும் ஏறக்குறைய அரை கிலோ. செங்கல்!

"எதுக்கு சார் யூஸ் பண்ணப் போறீங்க?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வேலை ஆடிட்டர் ஆபீஸில். தினம் ஒரு கம்பெனிக்குப் போய் கணக்குப் பார்க்கணும். லேப்டாப் அவரவர் செலவு. கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டி வரை மின்சார ரயிலில் நின்றுகொண்டே போகிறவனுக்கு ஒல்லிதான் லாயக்கு. டேலிக்கும் எக்ஸெலுக்கும் பயில்வான் எதற்கு?

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேறு ஆள். நண்பனோடு சேர்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். என்றைக்காவது கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு முழு நேரமும் அதிலேயே இறங்கணும் என்று ஆசை. வீட்டில் தெரியாது.

"மாப்ளே, ஒல்லி வேணாம்டா" என்றான் அவன் போனில். "முகூர்த்தம் முடியறதுக்குள்ள மூச்சு வாங்கிடும்."

அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பிராசஸர் வேலை செய்தால் சூடாகும். அந்தச் சூட்டை வெளியே தள்ள காற்றாடி, செம்புக் குழாய், இடம் எல்லாம் வேண்டும். ஒல்லியில் இடம் ஏது? 2020ல் வந்த எம்1 மேக்புக் ஏரில் காற்றாடியே கிடையாது. கொஞ்ச நேரத்து வேலைக்கு இதெல்லாம் பிரமாதமாக ஓடும். மணிக்கணக்கில் வீடியோவை அரைக்கச் சொன்னால், சூடு ஏறியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பதுதான். போதாததற்கு, பல ஒல்லிகளில் ராமை போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். அப்புறம் கூட்ட முடியாது.

பயில்வானும் யோக்கியன் இல்லை. சார்ஜரைப் பிடுங்கினால் பாதி பலம் போய்விடும். கனமான வேலை கொடுத்தால் பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கினாலே பெரிசு. விசிறி வேறு கிரைண்டர் மாதிரி சத்தம்.

2008ல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு காகித உறையிலிருந்து முதல் மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். அன்றைக்கு ஆரம்பித்தது இந்த ஒல்லி மோகம். அதற்கு முன்னால், 1981ல் வந்த ஆஸ்பார்ன் கம்ப்யூட்டர் சுமார் 11 கிலோ, பேட்டரியும் கிடையாது. அதையும் 'எடுத்துச் செல்லலாம்' என்றுதான் விற்றார்கள். எடுத்துச் சென்றவர்களின் தோள்பட்டையை யாராவது விசாரித்தார்களா?

கடைக்காரர் டீ சொன்னார். குடித்தேன். ஒல்லியை இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தேன். அதை வாங்கினால் வாரத்தில் ஆறு நாள் சுகம். ஆனால் ஏழாவது நாளை நானே கையெழுத்துப் போட்டு முடித்து வைத்த மாதிரி.

"பெரிசையே போடுங்க" என்றேன்.

திங்கட்கிழமை ரயிலில் என் பை ஒரு பெரியவர் முழங்காலில் இடித்துவிட்டது. "தம்பி, உள்ளே என்ன, கிரைண்டர் கல்லா?" என்றார். விசிறிச் சத்தத்தை அவர் இன்னும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா பையை வாங்கி வைக்கப் போய், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு கனமாடா? ஆடிட்டர் ஆபீஸ்ல எல்லாருமே இதைத்தான் தூக்கறாங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

ஆவணியில் மூன்று கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறோம். அது முடியட்டும், சொல்லிவிடலாம்.