செம்மை இழந்த திரை

காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே வங்கக்கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். இரு புறமும் உவர்நீர் சூழ்ந்த அந்நிலத்தில் உப்புக்காற்று இரும்பையும் பித்தளையையும் எளிதில் விட்டுவைப்பதில்லை.

அங்கே சிறு கடையொன்றில் இருந்த பழைய கணினியின் கண்ணாடிக்குழாய்த் திரை, ஒருநாள் முழுதும் நீலப்பச்சையாய் மாறிற்று. கடைக்காரர் அதைத் தட்டிப் பார்த்தார். நம்மவர் முதல் வைத்தியம் அதுதானே! பயனில்லை. புதியது வாங்க அவர் கையில் பொருளும் இல்லை.

பழுது பார்க்க வந்த இளைஞன் உடனே கருவியை எடுக்கவில்லை. நிறத்தையே நோக்கி நின்றான். அத்தகைய குழாயை 1897ஆம் ஆண்டில் செர்மானிய அறிஞர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கினார். அதன் பின்புறத்திலிருந்து பாயும் எலக்ட்ரான்கள் முன்புறப் பூச்சில் பட்டு ஒளியை எழுப்பும். வண்ணத்திரையில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளும் கலந்தே வெண்மை பிறக்கிறது. சிவப்பு வராவிடில் எஞ்சுவது நீலப்பச்சை. கணினியிலிருந்து அம்மூன்றும் 15 ஊசிச் செருகியின் வழியே தனித்தனியாக வருகின்றன. முதல் ஊசி சிவப்புக்குரியது.

“பெட்டியைத் திறக்கவில்லையா, தம்பி?” என்றார் கடைக்காரர்.

“உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் உண்டு, ஐயா. நிறுத்திய பின்னும் அது குழாயில் தங்கியிருக்கும். முதலில் வெளியே பார்ப்போம்.”

மின்சாரத்தை நிறுத்திச் செருகியைக் கழற்றினான். முதல் ஊசியில் களிம்பு ஏறியிருந்தது. அதனைத் துடைத்து மீண்டும் பொருத்தினான். திரை வெளுத்தது. கடைக்காரர் அன்றைய கணக்கை எழுதத் தொடங்கினார்.