மித்திக் கரையில் ஒரு போதகன்



"சனிக்கிழமை காலையில் பாஸ்டரைப் பார்க்க வேண்டுமானால் சபைக்குப் போகாதே, காட்டுக்குப் போ" என்று எங்கள் சபை வாலிபர் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. மும்பைப் பட்டணத்தில் ஊழியம் செய்கிற நான், பல ஆண்டுகளாக மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளை இயற்கைப் பூங்காக்களில் பார்வையாளருக்கு வழிகாட்டும் தன்னார்வப் பணிக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறேன். இதைக்குறித்து எழுதும்படி சிலர் கேட்டபோதெல்லாம் தயங்கினேன். எழுதினால் என் குற்றம் ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும் என்பதே தயக்கத்தின் காரணம்.

இப்பணிக்கு நான் தரிசனம் கண்டு போகவில்லை. 2011-ஆம் ஆண்டு, தாராவியில் தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளியில் கற்பிக்கும் எங்கள் சபைச் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். "பிள்ளைகளை நேச்சர் பார்க்குக்கு அழைத்துக்கொண்டு போகிறோம் ஐயா. அங்கே விளக்கம் சொல்லுகிறவர்கள் மராத்தியிலும் இந்தியிலும் பேசுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. நீங்கள் வந்து தமிழில் சொல்ல முடியுமா?" என்றார். கன்வென்ஷன் மேடைகளில் மற்றவர்களின் பிரசங்கத்தை மொழிபெயர்த்துப் பழகியவனாகையால், இதிலென்ன கஷ்டம் என்று எண்ணி ஒத்துக்கொண்டேன்.

மகாராஷ்டிரா நேச்சர் பார்க் என்னும் அந்தப் பூங்கா தாராவியின் ஓரத்தில், மித்தி நதிக்கரையில் இருக்கிறது. ஏறத்தாழ 37 ஏக்கர். ஒரு காலத்தில் பட்டணத்தின் குப்பை கொட்டப்பட்ட மேடு அது. அந்த நாற்றத்தைச் சுவாசித்து வளர்ந்த விசுவாசிகள் இன்றும் எங்கள் சபையில் இருக்கிறார்கள். அந்தக் குப்பையின்மேல் மண் போட்டு மரங்களை நட்டார்கள். 1994-இல் பூங்காவாகத் திறந்தார்கள். இன்று உள்ளே நுழைந்து பத்தடி நடந்தால் சாலையின் இரைச்சல் அடங்கிப் பறவைகளின் சத்தம் கேட்கிறது. அதன் வாசலுக்கு எதிரே அத்தனை ஆண்டுகள் பஸ் ஏறி இறங்கியிருந்தும், அன்றுவரை நான் உள்ளே போனதில்லை.

முதல் நாளே திக்குமுக்காடிப் போனேன். வழிகாட்டி ஒரு மரத்தைக் காட்டி 'மேங்குரோவ்' என்றார். எனக்குத் தமிழ் வரவில்லை. "உப்புத்தண்ணீர் மரம்" என்று சொல்லிச் சமாளித்தேன். மாலையில் இதை எங்கள் சபையின் மூத்த சகோதரர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். சிதம்பரம் பக்கத்துக்காரர் அவர். "அது அலையாத்தி, ஐயா. அலையை ஆற்றுகிறதால் அந்தப் பெயர் என்பார்கள் எங்கள் ஊரில். பிச்சாவரத்தில் காடு காடாக நிற்கிறதே! சுனாமி வந்தபோது அந்தக் காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்கள் எவ்வளவோ தப்பின" என்றார். வேதாகமக் கல்லூரியில் எபிரெயுவும் கிரேக்கமும் கற்ற எனக்கு, என் தாய்மொழியில் ஒரு மரத்தின் பெயர் தெரியவில்லை. அந்த வெட்கம்தான் என்னைப் பயிற்சி வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பயிற்சி கொடுத்தவர் என் மகள் வயதுடைய ஒரு பெண். முதல் நாள் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "நன்றாகப் பேசுகிறீர்கள். ஆனால் மிக அதிகமாகப் பேசுகிறீர்கள். அவர்கள் உங்களைப் பார்க்க வரவில்லை, மரத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள்" என்றார். இருபது ஆண்டுகளாகப் பிரசங்கித்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். அலையாத்தி இலையைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, அதன் அடிப்புறத்தை நாவினால் தொட்டுப் பார்க்கச் சொல்லும்படி அவர் கற்றுக்கொடுத்தார். உப்புக் கரிக்கும். வேர்கள் பெரும்பகுதி உப்பை உள்ளே விடாமல் தடுக்கின்றன, மீறி வந்ததை இலை வெளியே தள்ளுகிறது. இதை நான் கால்மணி நேரம் விளக்கியிருப்பேன். பிள்ளைகளோ ஒரே நொடியில் முகஞ்சுளித்துப் புரிந்துகொண்டார்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் ஆணிகளைப்போல் மேல்நோக்கி முளைத்து மூச்சுவாங்கும் வேர்களையும் அப்படித்தான். குனிந்து பார்க்கவிட்டால் போதும்.

இன்னொரு சிறுமையும் உண்டு. தானே கழிமுகத்தில் பூநாரைகளைக் காட்டும் பணிக்குச் சென்ற முதல் வருஷம், அவை இங்கேதான் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன என்று ஒரு கூட்டத்தாருக்குத் தைரியமாகச் சொன்னேன். படகு ஓட்டிய கோலி மீனவர் துடுப்பை நிறுத்தி, இல்லை என்று தலையசைத்தார். அவை குஜராத்தின் கட்ச் பக்கத்தில் பொரித்து, குளிர்காலத்தில் இங்கே மேய வருகிறவை. மழைக்கு முன்னே திரும்பிவிடும். பிறக்கும்போது சாம்பல் நிறம். சேற்றுநீரின் பாசியைத் தின்று தின்றே சிவக்கின்றன. பிரசங்கபீடத்தில் நிற்கிறவனை இடையில் நிறுத்தித் திருத்துகிறவர் யாருமில்லை. ஆகையால் நிச்சயமில்லாததையும் நிச்சயமாகச் சொல்லும் பழக்கம் எங்களுக்கு எளிதில் வந்துவிடுகிறது. "எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்லுகிறேன்" என்னும் வாக்கியத்தை நான் கற்றது அந்தப் படகில்தான்.

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் காட்டுப்புஷ்பங்களைக் கவனிக்கும்படி ஆண்டவர் சொன்ன இடத்தில் வருகிற கிரேக்கச் சொல், மேலோட்டமாகப் பார்ப்பதைக் குறிப்பதல்ல. நன்றாய்க் கற்றறிவதைக் குறிப்பது. சீஷன் என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து வருகிறது. இதைக் கல்லூரியில் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஒரு புஷ்பத்தையாவது அப்படிக் கற்றிருந்தேனா என்றால், இல்லை.

சபையில் எதிர்ப்பு வராமலிருக்குமா? ஒரு மூப்பர் நேரடியாகவே கேட்டார்: "ஆத்தும ஆதாயம் செய்ய வேண்டிய நேரத்தில் மரங்களுக்குச் சாட்சி சொல்லுகிறீர்களே பாஸ்டர்? நாற்பது பேர் இரண்டு மணி நேரம் உங்கள் பின்னால் நடக்கிறார்கள். ஒரு கைப்பிரதியாவது கொடுத்தீர்களா?" கொடுக்கவில்லை. எந்த மார்க்கத்தைக் குறித்தும் அங்கே பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்தே இப்பணியில் சேர்ந்தேன். வாக்குத் தவறுகிறவன் பிற்பாடு எந்த நற்செய்தியைச் சொன்னாலும் யார் நம்புவார்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் திருப்தியடையவில்லை. இன்றுவரை அடையவில்லை. சில இரவுகளில் அவர் கேட்டது நியாயமோ என்று எனக்கும் தோன்றுவதுண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

போரிவலியிலுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிற்கும் போவேன். ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் காடு, இத்தனை பெரிய பட்டணத்தின் நடுவில்! சிறுத்தைகள் உலாவுகின்றன. இரவில் குடியிருப்புகளின் ஓரத்திற்கு வந்து தெருநாய்களைப் பிடித்துக்கொண்டு போகின்றன. ஆனால் நான் காட்ட விரும்புவது கார்வி என்னும் செடியை. நம்முடைய குறிஞ்சியின் இனம். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பதுபோல, இது எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2016-இல் மலைச்சரிவு முழுவதும் ஊதாவாய்ப் பூத்திருந்தபோது, ஒரு சிறுவன் அடுத்தது எப்போது என்று கேட்டான். "2024-இல்" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டேன். "கர்த்தருடைய வருகை தாமதித்தால்" என்று சேர்க்காமல் எட்டு வருஷத்திற்கு அப்பாலுள்ள எதையும் நான் சொன்னதேயில்லை. 2024-இலும் அது பூத்தது. அதையும் பார்க்கக் கிருபை கிடைத்தது.

அந்தக் காட்டிலே துளசி, விஹார் என இரண்டு ஏரிகள். விஹார் 1860-இல் கட்டப்பட்டது, இன்றும் பட்டணத்திற்குக் குடிதண்ணீர் கொடுக்கிறது. விஹார் ஏரியும் அருகிலுள்ள பவாய் ஏரியும் நிரம்பி வழிகிற தண்ணீர்தான் மித்தி நதியாகி, குர்லா வழியே தாராவியைத் தொட்டு மாஹிம் கழிமுகத்தில் சேருகிறது. எனக்கு அது அதுவரை சாக்கடை. நதி என்றே தெரியாது.

இனி என் குற்றத்திற்கு வருகிறேன்.

2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி கரைபுரண்டது. மகாராஷ்டிராவில் மரித்தவர்கள் ஆயிரத்திற்கு மேல். எங்கள் சபைக் குடும்பங்கள் பல, அரிசி முதல் ரேஷன் கார்டு வரை இழந்து நின்றன. குர்லாவில் ஒரு பட்டறையில் வேலைசெய்த நம் சகோதரர் ஒருவர், ரயில் ஓடாததால் தண்ணீரில் நடந்தே வீட்டுக்குப் புறப்பட்டவர், வந்து சேரவில்லை. மூன்றாம் நாள் சரீரம் கிடைத்தது. மனைவியும் ஏழு வயது மகனும் இருந்தார்கள்.

வந்த ஞாயிற்றுக்கிழமை ஜூலை 31. ஈரம் உலராத பாய்களின்மேல் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். நோவாவின் காலத்தைக் குறித்துப் பிரசங்கித்தேன். இந்தப் பட்டணத்தின் பாவம் நிரம்பினதென்றும், தேவன் நியாயத்தீர்ப்பை அனுப்பினாரென்றும், அக்கிரமத்தோடு வாழுகிறவர்கள் வாரிக்கொள்ளப்படுவார்களென்றும் உரத்த சத்தமாய்ச் சொன்னேன். சிலர் அழுதார்கள். அபிஷேகம் நிறைந்த செய்தி என்று பலர் கைகுலுக்கினார்கள். அந்தச் சகோதரியும் மகனும் பெண்கள் பக்கத்தில் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

2014-இல் ஒரு சனிக்கிழமை, மித்திக் கரையில் பிள்ளைகளுக்கு அலையாத்தியைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி, "சார், எங்க பாட்டி பெரிய வெள்ளம் வந்துச்சின்னு சொல்லுவாங்க. ஏன் வந்துச்சு?" என்றாள். பயிற்சியில் கற்றதைச் சொன்னேன். எந்த நதியும் தாங்காத மழை அது. பிற்பகலில் கடலும் பெருகி ஏறியிருந்த நேரமாகையால் தண்ணீர் வடிய வழியில்லை. நதியின் இரு கரைகளையும் மண்கொட்டி நெருக்கியிருந்தோம், குப்பையால் அடைத்திருந்தோம், தண்ணீர் பரவித் தங்குகிற அலையாத்திச் சதுப்புகளைத் தூர்த்திருந்தோம். "அப்போ யார் மேல தப்பு?" என்றாள். "நம்மேல்தான், அம்மா" என்று சொன்னேன்.

சொல்லி முடிக்கும்போதே என் சத்தம் எனக்கே அந்நியமாய்க் கேட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வேறு பதில் சொன்ன சத்தமும் இதுவேயல்லவா? அன்று இரவு லூக்கா 13-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் மரித்த செய்தி. அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, இல்லை என்று ஆண்டவர்தாமே பதிலும் சொன்னார். மரித்தவர்களை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொன்னார். நான் அந்த ஞாயிறு இதை நேர்மாறாகச் செய்திருந்தேன். தேவன் நியாயாதிபதி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அந்த மரணத்தின் காரணத்தை அறிவிக்க என்னை அவர் அனுப்பவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அந்தச் சகோதரியின் வீட்டிற்குப் போனேன். மகனுக்கு அப்போது பதினாறு வயது. ஒரே அறை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. "சகோதரி, 2005 வெள்ளத்திற்குப் பிறகு வந்த ஞாயிறு நான் ஒரு செய்தி கொடுத்தேன்" என்று தொடங்கினேன்.

"ஞாபகம் இருக்கு ஐயா" என்றார்.

"அது தவறு. உங்கள் வீட்டுக்காரரைக் குறித்து நான் அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் நான் பேசினது அவரையும் சேர்த்துத்தான். என்னை மன்னிக்க வேண்டும்."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவர் என்ன பாவம் பண்ணினார்னு ஒன்பது வருஷமா யோசிக்கிறேன் ஐயா. ஒண்ணும் தெரியலை. எனக்குத் தெரியாம ஏதோ இருந்திருக்கும்னு நினைச்சேன். இவன்கிட்ட அவரைப் பத்தி நல்லதாச் சொல்லவே பயமாயிருந்துச்சு" என்றார்.

அவர் சபையைவிட்டுப் போயிருந்தால் எனக்கு அப்போதே தெரிந்திருக்கும். ஒரு ஆராதனையும் தவறாமல் வந்தபடியால் எனக்குத் தெரியவில்லை. மகன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு பீடத்தில் நின்று, நான் பிரசங்கித்தது தவறென்று பெயர் சொல்லாமல் அறிக்கையிட்டேன். போதகர் பழைய செய்தியைத் திரும்பப் பெறுவது சபைக்கு அழகல்ல என்று வருந்தினவர்கள் உண்டு. என்னிடம் கைப்பிரதி கேட்ட அதே மூப்பர்மட்டும் வந்து, ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சில வாரங்களுக்குப்பின் அந்தச் சகோதரி கேட்டார்: "அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டுறீங்களே, எங்களுக்கும் காட்டுவீங்களா ஐயா?" ஒரு சனிக்கிழமை மகனோடு வந்தார். மரங்களின் ஊடே நடந்து, நதியோரம் போனோம். எதிர்க்கரையில் பாந்த்ரா குர்லாவின் கண்ணாடிக் கட்டிடங்கள். தண்ணீர் கறுத்து, பிளாஸ்டிக் மிதக்க, மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. கடல் ஏறுகிற நேரம். சேற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூச்சுவேர்கள் ஒவ்வொன்றாய் மூழ்கின. நான் ஒரு இலையைப் பறித்துக் கொடுத்தேன். மகன் நாவில் வைத்துப் பார்த்து, அம்மாவிடம் நீட்டினான்.

"தண்ணி ஏன் ஐயா பின்னால போகுது?" என்று அவர் கேட்டார்.

கடல் தள்ளுகிறது, சற்று நேரத்தில் நின்று, திரும்பிப் போகத் தொடங்கும் என்றேன்.

"எவ்வளவு நேரத்துல?"

"எனக்குச் சரியாகத் தெரியாது, சகோதரி. அரைமணி நேரம் ஆகலாம்."

"இருந்து பார்க்கலாமா?" என்றார். நாங்கள் மூவரும் அங்கே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தோம். கணவர் பட்டறையிலிருந்து வரும்போது மகனுக்கு என்னென்ன வாங்கிவருவார் என்று அவர் மகனிடம் சொல்லத் தொடங்கினார்.