மார்ச்சுத் திங்களின் மூன்று இசைத்தொகுதிகள்

இசையை நுகர்வார் பலர்; இசைவாணர் எங்ஙனம் வாழ்கின்றனர் என எண்ணுவார் மிகச் சிலர். பண்டைப் பாணர்க்குப் புரவலர் இருந்தனர். இக்காலப் பாடகர்க்குப் பெருநிறுவனங்களே பெரும்பாலும் புரவலராயின. அந்நிறுவனங்களைச் சாராது, சிறு வெளியீட்டகங்களின் துணையாலோ தம் சொந்த முயற்சியாலோ பாட்டு வெளியிடுவாரும் உளர். அவர்தம் இசையை 'இண்டி' என மேனாட்டார் வழங்குவர். திங்கள்தோறும் வெளிவரும் அத்தகைய தொகுதிகளைத் தேடிக் கேட்டு, உளங்கவர்ந்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் எம் வழக்கம். 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் யாம் எழுதிய பெயர்கள் மூன்று. அவற்றை அன்பர்கட்கு ஈண்டு அறிமுகஞ் செய்ய விழைகின்றோம்.

முதலாவது, அமெரிக்கப் பாடகியார் ஏட்ரியன் லெங்கர் 22-ஆம் நாள் வெளியிட்ட 'பிரைட் ஃபியூச்சர்'. காட்டிடை மறைந்ததோர் ஒலிப்பதிவகத்தில், கணிப்பொறியின் துணையை நாடாது, பழைய முறைப்படி ஒலிநாடாவிலேயே இது பதிவு செய்யப்பெற்றது. 'ரியல் ஹவுஸ்' என்னும் முதற்பாட்டு அன்னையை விளித்துப் பாடுவது. பியானோவின் மெல்லொலியோடு பிள்ளைப்பருவ நினைவுகள் ஒவ்வொன்றாய் எழுகின்றன. வளர்த்த நாய் இறந்தபொழுது அன்னை அழுததை முதன்முறை கண்ட செய்தியோடு பாட்டு முடிகின்றது.  அழுகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் இழவும் ஒன்றென மெய்ப்பாட்டியலிற் பயின்றிருந்தோம். விடுதியில் விளக்கணைந்த பின் இப்பாட்டைக் கேட்ட இரவிலேயே அதன் பொருள் எமக்கு நன்கு விளங்கிற்று.

அதே நாளில் வெளிவந்தது 'டைகர்ஸ் பிளட்'. இதனை ஆக்கியவர் கேட்டி கிரட்ச்ஃபீல்டு. தாம் பிறந்த அலபாமா நாட்டு ஓடையொன்றின் பெயரால் 'வாக்ஸஹாச்சி' எனத் தம்மை வழங்குபவர். எம்.ஜே. லெண்டர்மேனோடு இணைந்து இவர் பாடிய 'ரைட் பேக் டு இட்' எம்மைப் பெரிதும் கவர்ந்தது. புதுக்காதலின் வேகத்தைப் பாடுவார் பலர். இப்பாட்டோ, ஊடலும் கூடலுமாய் நெடுநாட் பழகிய அன்பு, விலகிய பின்னும் தன் இடத்திற்கே மீளுதலைக் கூறுகின்றது.

மூன்றாவதே மிக வியப்பிற்குரியது. கனடா நாட்டுப் பாட்ரிக் ஃப்ளெகல், 'சிண்டி லீ' என்னும் புனைபெயரில், 29-ஆம் நாள் 'டயமண்ட் ஜூபிலி' என்பதனை வெளியிட்டார். பாட்டுகள் 32, கேட்க இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகும். எங்கோ தொலைவில் பாடும் பழைய வானொலி போன்றது இதன் ஒலி. வெளிவந்த நாளில் ஸ்பாட்டிஃபை முதலிய நிலையங்களில் இஃது இல்லை. யூடியூபில் ஒரே நீண்ட காணொளியாகவும், எளியதோர் இணையப் பக்கத்திலுமே கிடைத்தது. விரும்புவார் 30 கனடா டாலர் வழங்கலாம் என்பதே வேண்டுகோள். அவ்விரண்டு மணி நேரமும் வேறு பணியின்றி யாம் அமர்ந்து கேட்டோம். ஒரு பாட்டினின்று மற்றொன்றிற்குத் தாவும் எம் விரல் அன்று ஓய்ந்திருந்தது.

நிற்க. இம்மூவரும் ஓரளவு புகழ் பெற்றோர். புகழ் பெறாதார் நிலை யாது? ஓராண்டில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பெறும் பாட்டின் ஒலிப்பதிவிற்கு ஊதியம் இல்லை என்னும் விதியை ஸ்பாட்டிஃபை 2024-இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஆயிரவர் செவி எட்டாத பாட்டெல்லாம் பயனற்ற பாட்டாகுமோ? பேண்ட்கேம்ப் போன்ற இடத்தில் ஒரு தொகுதியை விலை கொடுத்து வாங்கின், அந்நிறுவனம் 100-க்கு 15 தன் பங்காகக் கொள்ள, எஞ்சியதிற் பெரும்பகுதி வெளியிட்டார்க்கே சேரும். ஆதலின், சிற்றுண்டிச் செலவிற் சிறிது மிச்சப்படுத்தித் திங்களுக்கு ஒரு தொகுதியேனும் வாங்குதலை யாம் மேற்கொண்டுள்ளோம்.

பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனைப் புரவலன்பால் வழிப்படுத்துதல் ஆற்றுப்படை. இன்றோ கேட்போராகிய நாமே புரவலர். ஆகவே ஒரு புரவலன் மற்றொரு புரவலனைப் பாணன்பால் ஆற்றுப்படுத்தல் வேண்டும். பொருளில்லாத மாணவர்க்கும் இஃது எளிது. நீவிர் விரும்பிக் கேட்ட பாடகர் பெயரை அடுத்த அறை நண்பர்க்கு இன்றே கூறுமின்.