முத்திரைக்குப் பின்னால் இருப்பவர்கள்

டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கட்டட வரைபடத்தின் மூலையில் நான் வைக்கும் முத்திரை வட்டமானது. நடுவில் ஐந்துமுனை நட்சத்திரம், அதனுடன் என் பெயர், உரிம எண். அது விழுந்த பிறகுதான் நகராட்சி அந்தத் தாளை வாங்கிப் பார்க்கும், ஒப்பந்தக்காரர் கம்பிக்கு ஆர்டர் கொடுப்பார். பல வருடங்களாக வைத்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு பயம் வந்து போகும். இதை நான் யாரிடமும் பேசியதில்லை. அலுவலகத்தில் சொன்னால் வேலை தெரியாதவன் என்று நினைப்பார்கள், வீட்டில் சொன்னால் கவலைப்படுவார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை இப்போது எழுதத் தோன்றுகிறது. எனக்கு உரிமம் கொடுத்த வாரியம் எப்படிப் பிறந்தது, யார் அதை நடத்துகிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு வந்த பயம் அது.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் வளர்ந்தவன். தமிழ்நாட்டில் வாங்கிய பட்டத்தை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாடத்திட்டமும் மதிப்பெண் பட்டியலும் மதிப்பீட்டுக்குப் போகும். அடிப்படைத் தேர்வு ஒன்று, அனுபவ ஆண்டுகள், தொழில்முறைத் தேர்வு ஒன்று, டெக்சாஸ் சட்டமும் தொழில் நெறியும் பற்றிய தேர்வு ஒன்று, கைரேகை. இவற்றோடு, உரிமம் பெற்ற பொறியாளர்கள் குறைந்தது மூன்று பேர் என் வேலையைத் தாங்கள் அறிவோம் என்று எழுதித்தர வேண்டும். எல்லாம் முடிந்து உரிம எண் வந்த அன்று அப்பாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

அதற்குப் பின் அதிக நாள் ஆகவில்லை. பழக்கமான தமிழர் ஒருவர், வரைபட வேலை எடுத்துச் செய்பவர், என்னைத் தேடி வந்தார். “தம்பி, நம்ம ஊர்ல பசங்க கணக்கெல்லாம் போட்டு, வரைஞ்சு அனுப்பிடுவாங்க. நீங்க ஒரு பார்வை பாத்துட்டு சீல் போட்டா போதும்” என்றார். எல்லாம் தனி வீடுகளின் அஸ்திவாரம். ஒரு செட்டுக்கு அவர் சொன்ன தொகை சிறியதல்ல. அப்பாவின் இதய அறுவைச் சிகிச்சைக்கு வாங்கிய கடன் அப்போது பாக்கி இருந்தது. எனக்கு ஆசை வந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மாதம் எத்தனை செட், எத்தனை மாதத்தில் கடன் அடையும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். “யோசிச்சுச் சொல்றேண்ணே” என்று அனுப்பினேன்.

அன்றிரவு வாரியத்தின் விதிகளைத் திறந்தேன். தேர்வுக்காகப் படித்தவைதான், ஆனால் பணம் எதிரில் இருக்கும்போது படிப்பது வேறு. தானே செய்த வேலைக்கு, அல்லது தன் நேரடி மேற்பார்வையில் நடந்த வேலைக்கு மட்டுமே பொறியாளர் முத்திரை வைக்கலாம். நேரடி மேற்பார்வை என்றால் வேலை நடக்கும்போதே கவனிப்பது, எடைபோடுவது, திருத்தச் சொல்லும் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பது. முடிந்து வந்த தாளைப் புரட்டிப் பார்ப்பது அதில் சேராது.

நம் ஊர்ப் பையன்களின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் கணக்கு என்னுடையதைவிடத் துல்லியமாகக்கூட இருந்திருக்கும். ஆனால் டாலஸிலிருந்து ஹூஸ்டன் வரை பல இடங்களில் இருப்பது நம் கரிசலைப் போலவே மழையில் வீங்கிக் கோடையில் சுருங்கிப் பிளக்கும் களிமண். அதன்மேல் கான்கிரீட் பலகையாக வீட்டின் அஸ்திவாரத்தைப் போடுகிறார்கள். மண் பரிசோதனை எந்த மாதத்தில் நடந்தது, எத்தனை அடி தோண்டிப் பார்த்தார்கள், மனையில் வெட்டிய பழைய மரம் ஏதாவது இருந்ததா என்பதெல்லாம் தெரியாமல் அந்தக் கணக்கைச் சரி என்று சொல்ல முடியாது. இந்தக் கேள்விகளை வரைபடம் கேட்காது. வேலை நடக்கும்போது கூட இருப்பவன்தான் கேட்க வேண்டும்.

“அண்ணே, ஆரம்பத்திலேர்ந்து நானும் அவங்களோட சேர்ந்து செய்யறதா இருந்தா பேசலாம். சீல் மட்டும்னா என்னால முடியாது” என்றேன். “அதுக்கெல்லாம் டைம் கிடையாது தம்பி” என்றார். கடன் மெதுவாகத்தான் அடைந்தது.

அந்த இரவு விதிகளோடு நிற்கவில்லை. அரசாங்கம் எதிலும் தலையிடக் கூடாது என்று பேசும் மாநிலம் இது. இங்கே பொறியாளருக்கு மட்டும் இத்தனை கட்டு எதற்கு? அந்தக் கேள்வி என்னைக் கிழக்கு டெக்சாஸில் நியூ லண்டன் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோனது.

எண்ணெய் வயல்களின் நடுவில் இருந்த ஊர். 1930களின் பொருளாதார மந்த காலத்திலும் அங்கே பணம் இருந்தது. எஃகும் கான்கிரீட்டுமாகப் பெரிய பள்ளிக்கூடம் கட்டினார்கள். கட்டடத்தைச் சூடேற்ற நீராவிக் கொதிகலன் வைப்பதாக இருந்த திட்டத்தை மாற்றி, அறைகளில் 72 எரிவாயு ஹீட்டர்களை வைத்தார்கள். பிறகு மாதச் செலவைக் குறைக்க, எண்ணெய் நிறுவனக் குழாயில் வீணாகப் போய்க்கொண்டிருந்த கழிவு எரிவாயுவை இழுத்து இணைத்தார்கள். அந்தப் பகுதியில் பலரும் செய்துகொண்டிருந்ததுதான். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. கசிந்து தரைக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் சேர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. 1937 மார்ச் 18 பிற்பகல், பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன், தொழிற்கல்வி ஆசிரியர் மரம் தேய்க்கும் மின் இயந்திரத்தை இயக்கினார். ஒரு பொறி. கட்டடம் மேலெழும்பி விழுந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள். விசாரணையில் எந்தத் தனிமனிதரும் குற்றவாளி என்று சொல்லப்படவில்லை.

அந்த ஊருக்கு நான் குடும்பத்தோடு போயிருக்கிறேன். நெடுஞ்சாலை நடுவே கிரானைட் நினைவுத் தூண் நிற்கிறது, பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருவதைப் படித்துக்கொண்டு என்னால் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

எரிவாயுவில் மணமூட்ட வேண்டும் என்ற சட்டம் சில வாரங்களில் வந்தது. அதே 1937இல் பொறியாளர்களைப் பதிவு செய்யும் சட்டமும் வந்தது, வாரியமும் பிறந்தது. இந்த வகைச் சட்டத்தில் டெக்சாஸ் முதல் மாநிலம் அல்ல. 1907இலேயே வயோமிங் செய்திருந்தது. அங்கே நீர் உரிமை கேட்டு வந்த வரைபடங்களில் வக்கீல்களும் நோட்டரிகளும் பொறியாளர் என்று கையெழுத்திட்டு அனுப்பியதைப் பார்த்துச் சலித்துப்போன மாநில அரசின் பொறியாளர் சட்டம் கேட்டார். வயோமிங்கில் தண்ணீருக்காகப் பிறந்தது, டெக்சாஸில் குழந்தைகளின் சாவிலிருந்து பிறந்தது. இரண்டு இடத்திலும் பொறியாளர்கள் தங்கள் பெருமைக்காகக் கேட்டு வாங்கிய சலுகை அல்ல அது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அப்படி ஒரு வாரியத்தை முதன்முதலில் அமைக்கும்போது முதல் உறுப்பினர்களுக்கு யார் உரிமம் கொடுப்பது? உரிமம் பெற்ற எவரும் அதுவரை மாநிலத்தில் இல்லையே. அதனால் தொடக்கம் பொறியியலிலிருந்து வருவதில்லை, சட்டத்திலிருந்து வருகிறது. சட்டமன்றம் சட்டம் இயற்றுகிறது, ஆளுநர் பெயர்களை நியமிக்கிறார், அந்த நாற்காலியில் அமர்ந்தவர்கள் மற்றவர்களை எடைபோடுகிறார்கள். இங்கே ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். அவர் நியமிப்பவர்களை மாநில செனட் ஏற்க வேண்டும். பதவிக்காலம் ஆறு ஆண்டு. எல்லோருடையதும் ஒரே நாளில் முடியாதபடி படிப்படியாக வைத்திருக்கிறார்கள். எனக்கு உரிமம் வந்தபோது ஒன்பது பேர் இருந்தார்கள்: ஆறு பொறியாளர்கள், மூன்று பொதுமக்கள் பிரதிநிதிகள். 2019இல் நில அளவையாளர் வாரியத்தை இதனோடு இணைத்தபோது அளவையாளர்களுக்கும் இடம் வந்தது. பொதுமக்கள் இடம் போகவில்லை.

அந்தப் பொதுமக்கள் இடத்தில் அமர்பவர் பொறியாளராக இருக்கக் கூடாது. அவருடைய கணவரோ மனைவியோகூட இந்த வாரியத்தின் உரிமம் பெற்றவராக இருக்கக் கூடாது. கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை. ஆஸ்டினில் ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒழுங்கு நடவடிக்கைகள் பட்டியலாக வந்தன: மேற்பார்வை இல்லாமல் முத்திரை வைத்தவர், காலாவதியான உரிமத்தோடு வேலை செய்தவர். ஒரு வீட்டுக்கு முத்திரை வைத்தவரின் பெயர் வந்து, பொறியாளர்களின் பேச்சு கணக்கிலேயே சுற்றிக்கொண்டிருந்தபோது, பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் இடைமறித்து, அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு யாராவது தகவல் சொன்னார்களா என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. என் மனசும் கணக்கிலேயே இருந்தது. தொழில் தெரிந்தவர்கள் மட்டும் கூடி உட்காரும் இடத்தில் எது விடுபட்டுப்போகும் என்று அன்று பார்த்தேன்.

இதே கவலை 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கும் போனது, பல் மருத்துவர்கள் வழியாக. வட கரோலினாவின் பல் மருத்துவ வாரியத்தில் எட்டுப் பேரில் ஆறு பேர் தொழில் செய்யும் பல் மருத்துவர்கள். மால்களில் குறைந்த விலைக்குப் பல் வெளுப்பாக்கும் கடைக்காரர்களை நிறுத்தச் சொல்லி வாரியம் கடிதம் அனுப்பியது. தொழில் செய்பவர்களே ஆட்சி செய்யும் வாரியம், அரசின் முறையான மேற்பார்வை இல்லாமல் இப்படிச் செய்தால் ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து அதற்குப் பாதுகாப்பு கிடையாது என்று தீர்ப்பு வந்தது. ஒரேகானில் பொறியாளர் வாரியமே எல்லை மீறியது. போக்குவரத்து விளக்கின் மஞ்சள் நேரம் தப்பு என்று கணக்கோடு எழுதிய மேட்ஸ் யார்ல்ஸ்ட்ராம் என்பவர், உரிமம் இல்லாமல் தன்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொண்டதற்காக 500 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் ஸ்வீடனில் மின் பொறியியல் படித்தவர். 2018இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நான் வாரியத்தை நேசிக்கிறவன்தான், ஆனாலும் அந்தத் தீர்ப்பு வந்ததில் மகிழ்ந்தேன். சாலையில் போகும் மனிதர் கேள்வி கேட்பதைத் தடுக்க யாரும் இந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை.

டெக்சாஸில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. 1977 முதல், மாநிலத்தின் அமைப்புகளை ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, தேவைதானா என்று அடியிலிருந்து ஆராய்கிறார்கள். சட்டமன்றம் நீட்டித்துச் சட்டம் போடாவிட்டால் அமைப்பு தானாகவே கலைந்துவிடும். 2019இல் பிளம்பர்கள் வாரியம் அப்படித்தான் விளிம்புவரை போனது. ஆளுநரின் ஆணையால் பிழைத்தது. எங்கள் வாரியம் உரிமக் கட்டணத்தில் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வதால், இப்படி ஒரு விசாரணை மேலே இருப்பது எனக்கு ஆறுதல்.

எல்லாவற்றையும்விட, உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம். 1981 ஜூலை 17 அன்று கான்சஸ் சிட்டி ஹயாட் ரீஜென்சி ஓட்டலில் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். ஒரே நீளக் கம்பியில் இரு தளத்து நடைபாதைகளும் தொங்குவதாக இருந்ததை, கட்டும் வசதிக்காக இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். அதனால் மேல்தளத்து இணைப்பில் சுமை இரட்டிப்பானது. எஃகுப் பட்டறையின் வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது, அந்த இணைப்புக்குக் கணக்கு இல்லை. குற்றவியல் வழக்கு எதுவும் நிற்கவில்லை. மிசௌரி மாநில வாரியம்தான் விடவில்லை. 1985இல் கடும் அலட்சியம் என்று தீர்ப்பாகி, 1986இல் இரண்டு பொறியாளர்கள் அந்த மாநிலத்தில் உரிமம் இழந்தார்கள். நான் முத்திரையை எடுக்கும்போது வரும் பயம் சிறைக்குப் பயந்து வருவதல்ல. என்னைப் போன்றவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, உன் கணக்கைக் காட்டு என்று கேட்பார்கள் என்பது.

2014 ஜூன் மாதம் சென்னை மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த செய்தியை இங்கிருந்து படித்தபோது என் மனம் அந்த மேசையைத்தான் தேடியது. இந்தியாவில் கட்டடக் கலைஞர்களுக்கு 1972ஆம் வருடச் சட்டமும் அதன்கீழ் ஒரு மன்றமும் உண்டு. பொறியாளர்களுக்கு அதற்கு ஈடாக நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. உள்ளாட்சிகளும் திட்டக் குழுமங்களும் தனித்தனியாகப் பதிவு செய்கின்றன. ஓர் இடத்தில் நீக்கினால் அடுத்த இடத்தைத் தேடிப் போகலாம். லட்சக்கணக்கான பொறியாளர்களை உருவாக்கும் நாட்டில், அவர்கள் கையெழுத்தை நம்பி உறங்கும் மக்களுக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டும். அது வரும்போது மேசையில் பொறியாளரல்லாத நாற்காலிகளும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது என்னிடமும் பரிந்துரை கேட்டு வருகிறார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த இளம் பொறியாளர் ஒருவர், திறமைசாலி, போன மாதம் படிவத்தோடு வந்தார். அவர் எழுதியிருந்த திட்டங்களில் இரண்டில்தான் நான் அவரோடு உட்கார்ந்து வேலை பார்த்திருந்தேன். “அம்மா, மத்ததும் நீங்க நல்லாத்தான் செஞ்சிருப்பீங்க. ஆனா நான் பாக்கலையே” என்றேன். முகம் வாடியது. அப்புறம், “சரி சார், அந்த ரெண்டை மட்டும் எழுதுங்க. மத்ததுக்கு டாலஸ்ல என் பழைய மேனேஜரைக் கேக்குறேன்” என்றார். அந்த இரண்டைப் பற்றியும் நிறையவே எழுதினேன். களிமண் தரையில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தின் அஸ்திவாரத்துக்கு மறு மண் பரிசோதனை வேண்டும் என்று அவர்தான் முதலில் கேட்டார் என்பதையும் எழுதினேன்.