வெள்ளை எங்கே நிற்கிறது

ஸ்ரீரங்கம்,
7.12.2025

அன்புள்ள ரம்யாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு ரெண்டு வரியில் பதில் போட மனசு வரவில்லை. அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன்.

ஆபீஸில் எய்ட் பால் ஆடி எல்லோரையும் ஜெயிக்கிறேனே, எனக்கு ஸ்நூக்கர் வராதா என்று கேட்டிருக்கிறாய். வராமல் என்ன? ஆனால் பூலில் பழகிய கையைப் பாதியாவது மறந்தால்தான் வரும். போன மாதம் தோஹாவில் நம் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் ஹாங்காங்கின் இங் ஆன்-யீயை 3-2 என்று ஜெயித்து உலகப் பட்டம் வாங்கியதைப் படித்த பிறகுதான் உனக்கு இந்த ஆசை வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ரொம்ப நல்ல ஆசை. அதே இங் ஆன்-யீயிடம்தான் 2017-ல் சிங்கப்பூரில் நம் வித்யா பிள்ளை உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் 6-5 என்று ஒரே ஒரு ஃபிரேமில் பட்டத்தை விட்டார். அன்றைக்குக் கைக்கு எட்டியது நழுவியதால், இந்த வெற்றியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதை எங்கோ இங்கிலாந்தில் பிறந்த ஆட்டம் என்று நினைக்காதே. 1875 மழைக்காலத்தில் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, பில்லியர்ட்ஸ் மேஜையில் அப்போது ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தோடு கலர் பந்துகளைச் சேர்த்து ஆரம்பித்தது இது. (பின்னால் இங்கிலாந்துப் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்.) அவர் ஊட்டிக்கு வந்த பிறகு, 1882 வாக்கில் ஊட்டி கிளப்பில்தான் விதிகளை ஒழுங்காக எழுதி பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டினார்கள். முதல் உலகப் போட்டி இங்கிலாந்தில் நடந்தது 1927-ல்தான். அதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் முன்னாடியே இதன் சட்டம் நம் நீலகிரியில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

சரி, மேஜைக்கு வருவோம். நீ ஆடுவது அதிகம் போனால் ஒன்பது அடி மேஜை. இது பன்னிரண்டு அடிக்கு ஆறு அடி. துணிக்குக் கீழே கனத்த கற்பலகைகள். உன் பூல் பந்து 57 மில்லிமீட்டர், இந்தப் பந்து 52.5. பந்துதான் சின்னதாச்சே, சுலபமாக விழும் என்று எண்ணிவிடாதே. பாக்கெட்டும் சின்னது, அதைவிட முக்கியம் அதன் வாய் வளைந்திருக்கும். பூல் மேஜையில் வாயின் ஓரம் நேராக வெட்டினாற்போல இருப்பதால், கொஞ்சம் தப்பாக அடித்தாலும் ஓரத்தில் பட்டு உள்ளே போய்விடும். இங்கே வேகமாக வந்த பந்து அந்த வளைவில் பட்டால் இடமும் வலமும் மோதிவிட்டு வெளியே வந்து நிற்கும். அதே பந்தை மெதுவாக அனுப்பியிருந்தால் விழுந்திருக்கும். குஷனை ஒட்டி ஓடுகிற பந்துக்கு இது இன்னும் பொருந்தும். அதனால் உன்னிடம் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: பலமாக அடிக்கிற பழக்கத்தை விடு.

கன்டோன்மென்ட் பக்கம் நான் போகிற கிளப்பில் மேஜையைப் பார்த்துக்கொள்கிற ஒரு வயதான மார்க்கர் இருக்கிறார். தினமும் ஆட்டம் தொடங்கும் முன் பால்க் பக்கத்திலிருந்து, அதாவது பிரேக் அடிக்கிற பக்கத்திலிருந்து, கறுப்புப் பந்து வைக்கிற பக்கம் வரைக்கும், ஒரே திசையில், பிரஷ் போடுவார். திரும்பி வரும்போது பிரஷ் துணியைத் தொடாது. பிறகு இஸ்திரிப் பெட்டியையும் அதே திசையில் ஓட்டுவார். துணியில் மெல்லிய இழை அந்தத் திசையில் படிந்திருக்கும், அதைக் கலைக்கக் கூடாது என்பதற்காக. இழைக்கு எதிராக மெல்ல உருட்டுகிற பந்து கடைசி ஓர் அடியில் வழி விலகும். உன் ஆபீஸ் மேஜையின் வழுவழுத் துணியில் இந்தத் தொல்லையே கிடையாது. இப்போது மழை வேறு, காவிரிக் காற்று வேறு. துணி ஈரம் குடித்து மந்தமாக ஓடுகிறது. பெரிய போட்டிகளில் கல்லுக்கு அடியில் ஹீட்டர் வைத்துக் காய வைப்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, மார்க்கரின் இஸ்திரிப் பெட்டிதான்.

கணக்கு உனக்குச் சட்டென்று பிடிபடும். சிவப்பு பதினைந்து, ஒவ்வொன்றும் 1. மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கறுப்பு 7. ஒரு சிவப்பு, ஒரு கலர், மறுபடி சிவப்பு என்று மாறி மாறிப் போட வேண்டும். போட்ட கலர் திரும்ப மேஜைக்கு வந்துவிடும், சிவப்பு வராது. சிவப்பெல்லாம் தீர்ந்த பிறகு கலர்களை மஞ்சளிலிருந்து கறுப்பு வரை வரிசையாகப் போட வேண்டும். ஒவ்வொரு சிவப்புக்கும் கறுப்பே போட்டால் 120, கடைசிக் கலர்கள் 27, ஆக 147. ஆனால் உனக்கு அந்த 147-ஐவிட உதவப்போவது மிச்சக் கணக்கு. மூன்று சிவப்பு மிச்சம் என்றால் மேஜையில் அதிகபட்சம் 51 பாயின்ட்தான் இருக்கிறது. நீ 60 பின்னால் இருக்கிறாய் என்று வை. எல்லாவற்றையும் போட்டாலும் ஜெயிக்க முடியாது. எதிராளி ஃபவுல் செய்தாக வேண்டும். ஒவ்வொரு ஃபவுலுக்கும் உனக்கு நாலு பாயின்ட் என்றால், மூன்று ஃபவுல் வேண்டும்.

பூலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே இங்கேதான். பூலில் ஃபவுல் என்றால் எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து இஷ்டப்பட்ட இடத்தில் வைக்கிறான். இங்கே ஃபவுலுக்குப் பாயின்ட்தான், குறைந்தது 4, கறுப்பு சம்பந்தப்பட்டால் 7. வெள்ளை பாக்கெட்டில் விழுந்தாலோ மேஜையை விட்டுப் போனாலோ மட்டும் பால்க் பக்கத்து அரைவட்டமான ‘டி’க்குள் வைத்து ஆடலாம், மற்றபடி நின்ற இடத்திலேயே நிற்கும். ‘நீயே மறுபடி ஆடு’ என்று சொல்லவும் எதிராளிக்கு உரிமை உண்டு. அதனால், ஆட வேண்டிய பந்தை மறைத்து வெள்ளையை ஒளித்து வைப்பதுதான் இங்கே பாதி ஆட்டம். அப்படி ஒளிப்பதற்கும் ஸ்நூக்கர் என்றுதானே பெயர். இப்படி எதிராளிக்கு வழி விடாமல் சேஃப்டி ஆடுவதைப் பயந்தவன் வேலை என்று உன் ஆபீஸ் பசங்க சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதே. ஒரு நல்ல சேஃப்டியை ஒரு நல்ல பாட்டை ரசிப்பது போலவே நான் ரசிக்கிறேன், சில நாள் கூடுதலாகவே.

பிரேக்கைப் பார், முதல் அடியிலேயே இது தெரிந்துவிடும். பூலில் முழு பலத்தோடு சிதறடிப்பாய். இங்கே வெள்ளையைப் பிரவுனுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் வைத்து, சிவப்பு முக்கோணத்தின் வலது மூலைப் பந்தை மெல்லியதாக உரச வேண்டும், கொஞ்சம் வலது சைடு கொடுத்து, அதாவது வெள்ளையை அதன் நடுவுக்கு வலப்புறம் அடித்து. வெள்ளை மேல் குஷனில் பட்டு, வலது குஷனில் பட்டு, மேஜையின் குறுக்கே நீளமாக இறங்கி, பச்சைக்குப் பின்னால் கீழ் குஷனை ஒட்டி வந்து நிற்க வேண்டும். சிவப்பில் ஒன்றோ ரெண்டோ அசைந்திருக்கும், அவ்வளவே. எதிராளிக்கு நெடுந்தூரத்தில் சிவப்பு, கியூ வைக்க இடைஞ்சலாகக் குஷன். நீ எதையும் போடவில்லை, ஆனால் ஃபிரேம் உன் பக்கம் சாய்ந்துவிட்டது.

சின்ன வயசில் உத்தர வீதி வீட்டுத் திண்ணையில் நீ கேரம் ஆடுவாயே, அங்கே ஸ்ட்ரைக்கர் ஒவ்வொரு தடவையும் உன் கைக்கே திரும்பி வந்துவிடும். இங்கே வெள்ளை வராது. அது நின்ற இடம்தான் உன் அடுத்த அடி. அதனால் சிவப்பைக் குறி பார்க்கும்போதே அடுத்த கலரை முடிவு செய்துவிடு, முடிந்தால் அதற்கு அடுத்த சிவப்பையும். அந்தக் கலருக்கு வெள்ளை நேர்கோட்டில் போய் நிற்கக் கூடாது, கொஞ்சம் கோணம் இருக்கட்டும். நேராக நின்றால் பந்து விழும், ஆனால் வெள்ளையைப் பக்கவாட்டில் அனுப்ப வழியிருக்காது. எத்தனையோ நல்ல பூல் ஆட்டக்காரர்கள் கஷ்டமான சிவப்பைப் பிரமாதமாகப் போட்டுவிட்டு, அடுத்து ஒரு கலரும் கிடைக்காமல் போய் உட்கார்வதை அந்தக் கிளப்பில் பார்க்கிறேன். எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

வைகுண்ட ஏகாதசிக்கு வருகிறாய் அல்லவா, உன் பூல் கியூவைத் தூக்கிக்கொண்டு வராதே. அதன் டிப் 12, 13 மில்லிமீட்டர் இருக்கும். இந்தப் பந்துக்கு 9.5 போதும், என்னிடம் ஒன்று உபரியாக இருக்கிறது. முதல் நாள் உனக்குச் சிவப்பே தரமாட்டேன். வெள்ளையை மட்டும் பிரவுன் புள்ளியில் வைத்து, நீலம், பிங்க், கறுப்புப் புள்ளிகளின் மேலேயே ஓட்டி, மேல் குஷனில் பட்டுத் திரும்பி உன் கியூ நுனிக்கே வரவழைக்கச் சொல்வேன். மஞ்சள் பக்கமோ பச்சைப் பக்கமோ ஒதுங்கி வந்தால், உனக்கே தெரியாமல் நீ சைடு கொடுக்கிறாய் என்று அர்த்தம். பூல் மேஜையின் பெரிய பாக்கெட்டில் அது வெளியே தெரியாது. தாடை கியூவைத் தொட்டிருக்கட்டும், முழங்கைக்கு மேலே எதுவும் அசையக் கூடாது. எட்டாத பந்துக்குக் கியூவைத் தாங்குகிற ரெஸ்ட் கோலைக் கேட்க வெட்கப்படாதே, உலக சாம்பியனும் கேட்கிறார்.

ஏகாதசி 30-ஆம் தேதி. அன்றைக்கும் மறுநாளும் வீதியில் கால் வைக்க முடியாது. ஜனவரி 2, வெள்ளிக்கிழமை காலையில் மேஜை காலியாக இருக்கும் என்று மார்க்கர் சொல்லியிருக்கிறார். பத்து மணிக்குப் பேர் எழுதி வைக்கச் சொல்லிவிட்டேன். லீவை அதற்குத் தகுந்த மாதிரி போட்டுக்கொள். அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல், அத்திம்பேருக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
மாமா