ஆத்தங்குடிப் பூக்கல்லும் பட்டறை நடத்துவோரின் நாணயமும்

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகே உள்ள ஆத்தங்குடி, தரையில் பதிக்கும் பூக்கல்லுக்குப் பேர்போன ஊர். சூளையில் சுடாமல், கண்ணாடித் தகட்டின்மேல் கையாலேயே வார்க்கப்படும் சிமென்ட் கல் அது. ஒரு குடும்பமும் சில தொழிலாளர்களும் சேர்ந்து நடத்தும் சிறு பட்டறைகளே இன்றும் இதைச் செய்கின்றன. பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து வணிகம் செய்த நகரத்தார் பெரிய வீடுகளை எழுப்பிய காலத்தில் செழித்த தொழில், மொசைக்கும் செராமிக் டைல்ஸும் வந்தபின் சுருங்கியது. செட்டிநாட்டின் பழைய வீடுகள் சில விடுதிகளாக மாறியதும், கட்டடக் கலைஞர்கள் இந்தக் கல்லைத் தேடிக் கேட்கத் தொடங்கியதும் அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தன. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாண்டி நிற்கும் பட்டறைகளில் பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. நடத்துபவரின் குணமே அங்கே முதல். கல் உருவாகும் முறையைப் பார்த்தால் அதற்கான காரணம் விளங்கும்.

இக்கட்டுரைக்காகச் சென்று பார்த்த பட்டறையில் வேலை கண்ணாடியைத் துடைப்பதில் தொடங்கியது. கண்ணாடியில் தூசியோ கீறலோ இருந்தால் அது அப்படியே கல்லில் பதியும். துடைத்த கண்ணாடிமேல் சதுர இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சைப் பொருத்துகிறார் தொழிலாளி. அச்சின் ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறம். ஆக்சைடு சாயமும் சிமென்ட்டும் கலந்த குழம்பைச் சிறு கரண்டியால் மொண்டு ஊற்றுகிறார். ஒரு சொட்டு பக்கத்து அறையில் விழுந்தாலும் இதழின் விளிம்பு கலங்கிவிடும். பிறகு அச்சைக் கை நடுங்காமல் நேராக மேலே தூக்குகிறார். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அதனதன் இடத்தில் நிற்கின்றன. அதன்மேல் சிமென்ட்டும் மணலும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவ, சாயத்தின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியாக ஈரக் கலவையை நிரப்பி, அழுத்தி மட்டம் செய்கிறார். கைதேர்ந்தவர்கள் அச்சு இல்லாமல் கரண்டியாலேயே கொடியும் பூவும் வரைவதும் உண்டு.

கண்ணாடியைத் தொட்டிருக்கும் பக்கம்தான் பின்னால் தரையின் மேற்பக்கம். கல்லைச் செய்பவர் அந்த முகத்தை உடனே பார்க்க முடியாது. கலவையில் சிமென்ட் குறைந்ததா, மணலில் மண் இருந்ததா, தண்ணீரில் போதுமான நாள் ஊறியதா என்பதெல்லாம் வாங்குபவரின் கண்ணுக்கும் தெரியாது. குறை இருந்தால் அது வீட்டில் பதித்துப் பல மாதம் நடமாடிய பிறகுதான் தேய்மானமாகவும் விரிசலாகவும் வெளிப்படும். குறை தெரிய இவ்வளவு நாளாகும் தொழிலில், முதலாளியின் நாணயத்தைவிடப் பெரிய உத்தரவாதம் வேறில்லை. சிறுதொழிலுக்கு வேண்டிய மற்றக் குணங்களும் அந்த நாணயத்தில்தான் வேர்விடுகின்றன.

முதலில் வருவது பொறுமை. வார்த்த கல் ஒரு நாள்போல் இறுகியபின் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறது. சிமென்ட் காய்வதால் கெட்டிப்படுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து கெட்டிப்படுகிறது. அதன் வலிமையின் பெரும்பகுதி வர 28 நாள் ஆகும் என்பது கட்டுமானத் துறையின் பொதுக் கணக்கு. தொட்டியில் ஊறும் நாட்களைக் குறைத்தால் அதே தொட்டியில் கூடுதல் கல் செய்யலாம், பணமும் சீக்கிரம் திரும்பும். ஆசை காட்டும் இடம் அதுதான். பட்டறையில் இருந்தபோதே ஒரு வாடிக்கையாளர் போனில் அழைத்தார். "வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுறோம்ணே, புதன்கிழமை லாரி ஏத்தி விட்ருங்க" என்றார். முதலாளி குரலை உயர்த்தவில்லை. "உங்க கல்லு தொட்டியில கெடக்கு சார். இப்ப எடுத்தா நாளைக்கு என்னையத்தான் திட்டுவீங்க. இதே டிசைன்ல ஊறி முடிஞ்சது ஒரு ரூமுக்கு இருக்கு. பால் காய்ச்சுற எடத்துக்கு அதை அனுப்புறேன், மிச்சம் பதினஞ்சு நாள்ல வரும்" என்றார். முடியாததை முடியாது என்று சொல்லிவிட்டு, முடிந்ததை உடனே செய்து கொடுப்பதில் ஒரு வியாபாரியின் கண்டிப்பும் கனிவும் சேர்ந்தே இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில், தொட்டியிலிருந்து எடுத்த கல்லின் ஈரம் காய மேலும் நாளாகும். அதையும் கணக்கில் வைத்துத் தேதி சொல்பவரின் வாக்கு பொய்ப்பதில்லை.

அடுத்தது, பொருளின் இயல்பை மறைக்காமல் சொல்வது. கையால் கலக்கும் சாயம் ஒவ்வொரு கலவைக்கும் இம்மியளவு மாறும். இன்று வாங்கிய கல்லோடு அடுத்த வருடம் வாங்கும் கல் அச்சு அசலாகப் பொருந்தாது. ஆகவே உடைசலுக்கும் சேர்த்து ஒரே தவணையில் வாங்கச் சொல்வது நேர்மையான யோசனை. அமிலம் கலந்த திரவத்தால் கழுவினால் சிமென்ட் அரிக்கும்; பளபளப்பு போய்விடும். வெறும் தண்ணீரால் துடைத்து, அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் நாளாக நாளாக மெருகு கூடும். இவற்றை விற்கும்போதே சொல்பவரிடம் புகார் குறைவாக வரும். விளம்பரத்துக்குச் செலவழிக்க முடியாத தொழிலில், பதித்த வீட்டுக்காரர் அடுத்தவரிடம் சொல்லும் நல்ல வார்த்தையே புது ஆர்டரைக் கொண்டுவருகிறது.

மூன்றாவது, கணக்கில் கறார். மணல், சிமென்ட், சாயம், கூலி எல்லாம் முன்செலவு. வரவு பல வாரம் கழித்து. வந்த அட்வான்ஸை வீட்டுச் செலவில் கரைத்துவிட்டால் அடுத்த ஆர்டருக்குச் சரக்கு வாங்கக் கடன்தான் வழி. பட்டறைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரித்து வைப்பது சாதாரணப் பழக்கமாகத் தோன்றினாலும் பல சிறுதொழில்களைக் காப்பாற்றுவது அதுதான். நிலுவையைக் கேட்டு வாங்கும் துணிவும் வேண்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழிலிடம் சரக்கு வாங்கிய நிறுவனம் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது; தாமதித்தால் வட்டி சேர்த்துத் தர வேண்டும். உத்யம் எனப்படும் அந்தப் பதிவைச் செய்து, பில் போட்டு விற்பவருக்கே இந்தப் பாதுகாப்பு பயன்படும். வாய்ப்பேச்சிலேயே வியாபாரம் செய்பவர் உரிமை இருந்தும் கேட்க முடியாமல் நிற்பார்.

நான்காவது, தொழிலாளியை மதிப்பது. அச்சைத் தூக்கும் அந்த நிதானம் பல வருடப் பழக்கத்தில் வருவது. அது தெரிந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்த இடத்தை விளம்பரம் கொடுத்து நிரப்ப முடியாது. கல் கணக்கில் கூலி பேசும் இடத்தில், கண்ணாடியோ சரக்கோ சரியில்லாமல் கெட்ட கல்லுக்கும் கூலியைப் பிடித்தால் தொழிலாளி தரத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார்க்கத் தொடங்குவார். நாள் முழுக்கக் குனிந்து செய்யும் இந்த வேலைக்குச் சீரான கூலி, உட்கார ஏற்ற இடம், சிமென்ட் படாமல் கைக்கு உறை, மழைக்கால வேலை நிறுத்தத்தில் முன்பணம் ஆகியவை தயவு தாட்சண்யத்தில் சேராது. தொழிலாளியின் உழைப்புக்கு முதலாளி திருப்பித் தர வேண்டிய கடன் அது.

கடைசியாக, கற்றுக்கொள்ளும் மனம். பழைய வீட்டுத் தரைகளில் உள்ள வடிவங்களைப் படியெடுத்து அச்சு செய்து வைப்பதும், இன்றைய வீட்டுக்கு ஏற்ற மங்கலான நிறங்களை முயன்று பார்ப்பதும், கல்லின் படத்தை வாட்ஸப்பில் வெளியூருக்கு அனுப்பி விலை பேசுவதும் ஒரே பட்டறையில் நடக்கின்றன. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்ற தெளிவு இதற்குத் தேவை. வடிவமும் நிறமும் விற்கும் வழியும் மாறலாம். கலவையின் அளவும் தொட்டியில் ஊறும் நாட்களும் மாறக் கூடாது. இந்த எல்லையைக் காக்கும் பட்டறைக்கு அடுத்த தலைமுறை வாடிக்கையாளரும் வருவார், தொழிலைக் கற்க அடுத்த தலைமுறைத் தொழிலாளியும் வருவார்.