காலணியில் தங்கிவிடும் கடல்

கடலுக்கு அடியில் சொர்க்கம். கரையேறிய பிறகு காலடியில் நரகம். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (2018 டிசம்பர் முதல் அதன் பெயர் ஸ்வராஜ் தீவு) ஸ்கூபா கடைகளின் பின்கட்டுக்குப் போனவர்களுக்கு இது புரியும். முன்பக்கச் சுவரில் வண்ண மீன்களின் படங்கள். பின்பக்கக் கொடியில் தலைகீழாகத் தொங்கும் கறுப்புக் காலணிகள். அவற்றின் வாடையைப் பற்றி எந்த விளம்பரமும் மூச்சு விடுவதில்லை.

அப்படி ஒரு பின்கட்டில் பதினைந்து வருடங்களாக வேலை பார்க்கிறார் ஒரு முக்குளிப்பு வழிகாட்டி. 1920களில் பர்மாவிலிருந்து அந்தமானுக்கு வந்து குடியேறிய கரேன் இனத்தவர். கடல் அவருக்குப் பரம்பரைச் சொத்து. சேற்றுப்புண் இந்த வேலை கொடுத்த சொத்து. நாற்று நடும் பெண்களின் விரலிடுக்கில் வருகிற அதே புண்தான். ஒரு சீசனில் அது வெடித்து, சீழ் பிடித்து, பத்து நாட்கள் அவரால் படகில் ஏற முடியவில்லை. கடலில் இறங்காத நாளுக்குச் சம்பளம் கிடையாது. காலணி நாற்றம் மூக்கின் பிரச்னை அல்ல, வயிற்றுப் பிரச்னை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

குற்றவாளி யார்? காலணி செய்யப்படும் நியோப்ரீன் மீது பழி போடுவது சுலபம். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் 1930-ல் உருவான இந்தச் செயற்கை ரப்பர் ஆரம்பத்தில் துர்நாற்றம் அடித்தது உண்மை. தயாரிப்பு முறையை மாற்றி அதைச் சரிசெய்துவிட்டார்கள். இன்றைய நுரை நியோப்ரீனில் இருப்பவை மூடிய குமிழ்கள்; தண்ணீர் உள்ளே புகாது. ஆனால் அதன்மீது ஒட்டிய நைலான் துணியும் தையலும் உள்ளங்கால் அட்டையும் தண்ணீரைக் குடிக்கும். காலுக்கும் காலணிக்கும் நடுவே சிக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உடம்பு சூடாக்குகிறது. அந்தச் சூடு வெளியேறாமல் காப்பவை நியோப்ரீனின் குமிழ்கள். வெதுவெதுப்பு, ஈரம், இருட்டு. மனிதனுக்கு இதம், பாக்டீரியாவுக்கு விருந்து.

பாதத்து வியர்வைக்குத் தன்னளவில் பெரிய வாடை இல்லை. தோலில் வாழும் பாக்டீரியா, வியர்வையில் உள்ள லூசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து ஐசோவலேரிக் அமிலமாக்குகிறது. அந்தப் புளித்த நெடி அதுதான். பாதத்தில் குடியிருக்கும் பிரெவிபாக்டீரியத்தின் பங்காளி ஒன்று ஐரோப்பாவின் லிம்பர்கர் பாலாடைக்கட்டிக்கு மணம் ஊட்டுகிறது. அங்கே அதைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள்! போதாக்குறைக்கு, கடல்நீரோடு வரும் நுண்ணுயிர்கள் காலணிக்குள் செத்து அழுகும். யாரும் ஒப்புக்கொள்ளாத இன்னொன்றும் உண்டு. நீரில் மூழ்கினால் சிறுநீர் முட்டும். வெட்சூட்டுக்குள் போனது காலணியில்தான் வந்து இறங்கும்.

பவுடர், சென்ட் எல்லாம் வாடைக்கு மேல் போர்த்தும் போர்வைகள். பிளீச்சிங் பவுடரும் கொதிநீரும் கிருமியோடு ரப்பரையும் கெடுக்கும். வழிகாட்டி கண்டுகொண்ட வழி சாதாரணமானது. வரிசை தவறக்கூடாது, அவ்வளவுதான். கரையேறியவுடன், உப்பு காய்வதற்கு முன், ஜிப்பைத் திறந்து நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்புப் படிவு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் அது இருக்கும்வரை காலணி முழுதாகக் காயாது. பிறகு மிதமான ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு, உள்பக்கத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். வாடை போகாவிட்டால் ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர்; கால் மணி நேரம் கழித்து மறுபடி அலசல். சமையல் சோடாவும் உதவும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். கடைசியாக, முடிந்தவரை உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். தொடர்ந்து வெயிலில் போட்டால் நியோப்ரீன் விறைத்து வெடிக்கும்.

இதில் இடறுவது தண்ணீர். தீவில் நன்னீர் என்பது மழை தந்ததுதான். டிசம்பரோடு மழை ஓய்ந்து கோடை நெருங்கும்போது வாளிகளை எண்ண வேண்டியிருக்கும். பயணிகள் குவியும் காலமும் அதுவே. அதனால் எல்லாக் காலணிகளையும் ஒரே தொட்டியில் முக்கி எடுப்பது கடையின் வழக்கம். மாலைக்குள் அந்தத் தொட்டி சூப்பாகிவிடும். ஒருவர் காலில் இருந்தது இருபது பேருக்குப் பந்தி வைக்கப்படும். பயணி நாளைக்கே ஊருக்குப் போய்விடுவார், வீணாக ஏன் தண்ணீர் செலவு என்பது முதலாளியின் கணக்கு. பயணிகளில் சர்க்கரை நோயாளியும் இருப்பார், அவர் பாதத்தில் வரும் சிறு புண்கூட ஆபத்து என்பது வழிகாட்டியின் கணக்கு.

வாக்குவாதம் சமரசத்தில் முடிந்தது. தொட்டிக்குப் பதில் இரண்டு பெரிய வாளிகள்; ஒன்றில் மணலும் உப்பும் கழியும், மற்றதில் சுத்த அலசல். முதல் வாளி அழுக்கானதும் கொட்டப்படும். இரண்டாவது அந்த இடத்துக்கு வரும். தொட்டியை நிரப்பியதைவிடக் குறைவான தண்ணீரே செலவாகிறது. கூடுதலாக ஒரு ஜோடி வரிசையும் வாங்கப்பட்டது. முழுக்கக் காயாத காலணி மறுநாள் யார் காலுக்கும் போவதில்லை. வழிகாட்டியும் தினமும் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தாமல் படுப்பதில்லை.

கரையேறும் பயணிகள் ஆமையைப் பற்றிப் பேசுகிறார்கள், பவளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். காலணியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அவருக்குக் கிடைக்கும் நற்சான்றிதழ் அதுதான்.